மொட்டைமாடியில் நீராவி எஞ்சின்: ரேடியோவால் இயக்கப் புதிதாகத் தொடங்குவோருக்கு

ரிமோட் கார் ஓட்டிப் பழகியவர்கள்தாம் நீராவி எஞ்சின் மாதிரியை முதல் நாளில் அதிகமாகத் தடம்புரள விடுகிறார்கள். தொட்டவுடன் பாய்ந்து, விட்டவுடன் நிற்கும் பொருள் அல்ல அது. உள்ளே உண்மையாகவே தண்ணீர் கொதிக்கிறது; உண்மையான நீராவி சிலிண்டருக்குள் புகுந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. கையிலிருக்கும் டிரான்ஸ்மிட்டர் செய்வதெல்லாம், விரல் நுழையாத ஓட்டுநர் அறைக்குள் இருக்கும் இரண்டு நெம்புகோல்களைத் தொலைவிலிருந்து அசைப்பது மட்டுமே. ஆகவே, இக்கட்டுரையில் ரேடியோவைப் பற்றிய பகுதி சிறியதாகவும், தண்ணீர், எண்ணெய், கேஸ் ஆகியவற்றைப் பற்றிய பகுதி பெரியதாகவும் இருக்கும். பெங்களூரு அல்சூரில், முப்பதுக்கு நாற்பது மனையில் கட்டிய வீட்டின் மொட்டைமாடியில் ஓட்டிக் கற்றுக்கொண்டவற்றை, நான் செய்த தவறுகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எந்த வண்டியை வாங்குவது

வீட்டளவில் ஓட்டக்கூடிய நீராவி எஞ்சின்கள் பெரும்பாலும் இரண்டு தட அகலங்களில் கிடைக்கின்றன. ஒன்று 32 மி.மீ., மற்றது 45 மி.மீ. டார்ஜிலிங் ரயிலைப் போன்ற 2 அடி அகலப் பாதையை 19-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 32 மி.மீ. வரும். ஊட்டி மலை ரயிலின் மீட்டர் பாதையை 22.5-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் ஏறத்தாழ 45 மி.மீ. வரும். சில வண்டிகளில் சக்கரங்களை அச்சின் மேல் நகர்த்தி இரண்டு அகலத்துக்கும் மாற்றிக்கொள்ள வசதி உண்டு. முதல் வண்டிக்கு அந்த வசதி இருந்தால் நல்லது.

தமிழருக்கு இயல்பாக எழும் ஆசை ஊட்டி ரயிலின் எக்ஸ் வகை எஞ்சின் மேல்தான் இருக்கும். அந்த ஆசையைச் சிறிது காலம் தள்ளிவைப்பது நல்லது. பல்சக்கரத்துக்கென்று தனியாக இரண்டு சிலிண்டர்களும், ஓடுசக்கரங்களுக்கு இரண்டு சிலிண்டர்களும் கொண்ட அந்த அமைப்பு, பெரிய எஞ்சினிலேயே சிக்கலானது. தொடங்குபவருக்கு இரண்டு சிலிண்டர், நான்கு அல்லது ஆறு ஓடுசக்கரம், கேஸால் எரியும் ஒற்றைப் பர்னர், தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட ரேடியோ ஆகியவை போதும். இங்கிலாந்தின் ரவுண்ட்ஹவுஸ், அமெரிக்காவின் அக்யூகிராஃப்ட், ஜெர்மனியின் ரெக்னர் ஆகிய நிறுவனங்கள் இத்தகைய எளிய வண்டிகளைச் செய்கின்றன. விலையோடு சுங்க வரியும் சேரும் என்பதை முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பழைய வண்டியை வாங்குவதாக இருந்தால் பெயிண்டைப் பார்க்காமல் பாய்லரைப் பாருங்கள். செம்பில் செய்து வெள்ளிப் பற்று வைத்த பாய்லரை நீராவியால் சோதிப்பது ஆபத்து. குளிர்ந்த தண்ணீரை நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, கசிகிறதா என்று பார்ப்பதே முறை. தண்ணீர் சுருங்காத பொருள் என்பதால், பாய்லர் பிளந்தாலும் ஒரு பீச்சலோடு அடங்கிவிடும். அப்படிச் சோதித்த விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

தடத்தைப் போடுவது

மொட்டைமாடி சமமாக இருக்கிறது என்று கண் சொல்லும். ரசமட்டம் அப்படிச் சொல்லாது. மழைநீர் வடியவேண்டும் என்பதற்காக மேஸ்திரி எல்லா மாடியிலும் ஒரு மூலையை நோக்கி வாட்டம் விட்டிருப்பார். மனிதர் நடக்கையில் தெரியாத அந்தச் சரிவு, ஒன்றரைக் கிலோ, இரண்டு கிலோ எடையுள்ள எஞ்சினுக்கு மலைப்பாதை. ஏறுகையில் திணறி நிற்கும். இறங்குகையில் வேகம் பிடித்து வளைவில் வெளியே பாயும். தரையிலேயே தடத்தை விரித்து ஓட்டிப் பார்த்த முதல் மாதத்தில், வண்டியில்தான் ஏதோ கோளாறு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மாடிக்கு ஒத்துவந்த ஏற்பாடு இது: ஹாலோ பிளாக் கற்களை இரண்டு மூன்றாக அடுக்கி, மேலே ஓரடி அகலக் கடப்பாக்கல் பலகைகளைப் படுக்கவைத்து, வாட்டத்துக்கு ஏற்ப அடியில் மெல்லிய ஓட்டுச் சில்லுகளைக் கொடுத்து, ஒவ்வொரு பலகையையும் ரசமட்டம் வைத்துச் சரிசெய்தேன். கடப்பாக்கல் தீப்பிடிக்காது, வெயிலில் வளையாது, சிந்திய எண்ணெயைத் துடைத்தெடுக்கலாம். பிளைவுட் வைத்துச் செய்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டு மழைக்காலத்துக்கு மேல் அது தாங்குவதை நான் பார்த்ததில்லை. இடுப்பளவுக்கு உயர்த்திப் போட்டால் முதுகு வலிக்காமல் தண்ணீர் ஊற்றவும் பர்னரைப் பற்றவைக்கவும் முடியும். ஆனால், அவ்வளவு உயரத்திலிருந்து வண்டி விழுந்தால் கை ஒடிந்த பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கவேண்டியிருக்கும். எனவே, வளைவுகளின் வெளி ஓரத்தில் இரண்டு அங்குல உயரத்துக்கு ஒரு தடுப்பைக் கட்டாயம் வைக்க வேண்டும்.

வளைவின் ஆரம் கூடக்கூட வண்டிக்கு நல்லது. மிகச் சிறிய எஞ்சின்கள் 60 செ.மீ. ஆரத்திலும் திரும்பும், ஆனால், உராய்வு கூடி வேகம் ஏறி இறங்கும். ஒன்றரை மீட்டர் ஆரம் இருந்தால் ஓட்டம் சீராக இருக்கும். தண்டவாளங்களுக்கு இடையே இடைவெளி விடுவதும் முக்கியம். மூன்று மீட்டர் பித்தளைத் தண்டவாளம், டிசம்பர் விடியற்காலைக் குளிரிலிருந்து ஏப்ரல் வெயிலுக்கு வரும்போது ஏறத்தாழ 2 மி.மீ. நீளும். இடைவெளி விடாமல் இறுக்கிப் போட்ட என் தடம், ஒரு பங்குனி மதியம் பாம்பைப்போல் நெளிந்து கிடந்தது. மின்சாரம் ஓடாத தடம் என்பதால் இணைப்புகளில் கம்பி, சால்டரிங் என்று எதுவும் தேவையில்லை.

எண்ணெய், தண்ணீர், கேஸ்

இரண்டு எண்ணெய்கள் வேண்டும். ஒன்றுக்குப் பதிலாக மற்றதை ஊற்றக்கூடாது. அச்சு, கனெக்டிங் ராடு, வால்வை அசைக்கும் சின்னஞ்சிறு மூட்டுகள் ஆகியவற்றுக்குத் தையல் மெஷின் எண்ணெய் போன்ற மெல்லிய எண்ணெய் போதும். சிலிண்டருக்குள் போவது ஸ்டீம் சிலிண்டர் ஆயில் என்ற, நாட்டுச் சர்க்கரைப் பாகைப் போன்ற கெட்டி எண்ணெய்; 460 என்ற தடிப்பு எண் உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். அதற்குப் பதிலாக மோட்டார் பைக்கின் எஞ்சின் ஆயிலை ஊற்றினால் நீராவி அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். பெரிய வாளி அளவில்தான் கிடைக்கும் என்று கடைக்காரர் சொன்னால், ஜே.சி. ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கிக் கேட்டுப் பாருங்கள். அல்லது பீணியாவில் பழக்கமான பட்டறை ஏதேனும் இருந்தால் அரை லிட்டர் கேட்டுப் பெறலாம். ஒரு ஓட்டத்துக்கு ஓரிரு மில்லி லிட்டர்தான் செலவாகும்.

தண்ணீரில் பெங்களூர்க்காரர்கள் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். போர்வெல் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் குளியலறைக் கீசரின் காயிலில் என்ன செய்கின்றன என்பதைப் பார்த்தவர்கள், அதே வெள்ளைப் படிவம் விரல் தடிமன் குழாய் ஒன்று நடுவே ஓடும் சிறிய பாய்லருக்குள் படிந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள். காய்ச்சி வடித்த தண்ணீரோ, முதல் மழையை விட்டுவிட்டுப் பிடித்து வடிகட்டிய மழைநீரோ ஏற்றது. பேட்டரிக்கு ஊற்றும் உப்புநீக்கிய தண்ணீரைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. அது பித்தளையிலிருந்து துத்தநாகத்தை அரித்தெடுக்கும் என்பார்கள். வண்டியோடு வந்த கையேடு எதைச் சொல்கிறதோ அதையே பின்பற்றுங்கள்.

கேஸ் என்பது பியூட்டேன். மலையேற்றப் பொருள்கள் விற்கும் கடைகளில் திருகு மூடியோடு கிடைக்கும் சிறிய டப்பாக்களில், பியூட்டேனோடு புரோப்பேன் கலந்தும் வரும். புரோப்பேனின் அழுத்தம் பல மடங்கு கூடுதல். குளிர்நாட்டில் பியூட்டேன் சரியாக ஆவியாகாது என்பதால் கலக்கிறார்கள். நம் ஊர் வெப்பத்துக்கு அந்தக் கலவை தேவையில்லை. வண்டியின் கேஸ் டாங்குக்கு எது ஏற்றது என்று கையேடு சொல்வதை மீறக்கூடாது. சமையல் சிலிண்டரிலிருந்து பிடித்து நிரப்பலாமா என்று என்னிடம் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கூடாது, அந்த யோசனையே வேண்டாம்.

இவற்றோடு, மருந்துக்கடையில் கிடைக்கும் 50 மி.லி. சிரிஞ்சு ஒன்று, அதன் முனையில் செருக மெல்லிய ரப்பர்க் குழாய், நீண்ட கழுத்துள்ள லைட்டர், தோல் கையுறை, பழைய பனியன் துணி, ஒரு வாளி மணல், ஒரு ஈரச் சாக்கு ஆகியவை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ரேடியோ

துப்பாக்கிப் பிடி வைத்த கார் டிரான்ஸ்மிட்டரைத் தவிர்த்துவிடுங்கள். அதன் விசை ஸ்பிரிங்கால் நடுவுக்குத் திரும்பிவிடும். நமக்கோ, சிலிண்டருக்குப் போகும் நீராவியைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் வைத்த இடத்திலேயே நிற்க வேண்டும். விமானம் பறக்கவிடுவோர் வைத்திருக்கும், இரண்டு குச்சிகள் கொண்ட 2.4 கிகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டரில் இடப்பக்கக் குச்சி விட்ட இடத்திலேயே நிற்கும். அதை ரெகுலேட்டருக்கும், வலப்பக்கக் குச்சியை முன்-பின் திசை மாற்றும் ரிவர்சருக்கும் கொடுப்பது வழக்கம். இரண்டு சேனல் போதும். நெம்புகோலை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோ, சிக்னலை வாங்கும் ரிசீவர், பேட்டரிக் கூடு முதலியன எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும்.

ரிசீவரையும் பேட்டரியையும் பாய்லரிலிருந்து எவ்வளவு விலக்க முடியுமோ அவ்வளவு விலக்கி, எஞ்சினுக்குப் பின்னால் கோக்கும் டெண்டர் பெட்டியிலோ ஓட்டுநர் அறைத் தளத்துக்கு அடியிலோ வைக்க வேண்டும். நான்கு ரீசார்ஜ் ஏஏ செல்கள் சேர்ந்தால் 4.8 வோல்ட், சர்வோக்களுக்கு அது போதும். முதலில் டிரான்ஸ்மிட்டர், பிறகு ரிசீவர் என்ற வரிசையில் இயக்கி, அணைக்கும்போது தலைகீழாகச் செய்ய வேண்டும்.

வண்டி குளிர்ந்திருக்கும்போதே மூன்றைச் சரிபார்க்க வேண்டும். குச்சி அடியில் இருக்கையில் ரெகுலேட்டர் முழுவதும் மூடியிருக்கிறதா என்பது முதலாவது. கடைசி எல்லையில் சர்வோ 'கிர்' என்று முனகுகிறதா என்பது இரண்டாவது. முனகினால் அது எதையோ தள்ள முடியாமல் தள்ளிக்கொண்டு பேட்டரியைத் தின்கிறது என்று பொருள், எனவே டிரான்ஸ்மிட்டரில் உள்ள டிரிம் என்ற நுண்திருத்த விசையை ஒரு சொட்டுக் குறைக்க வேண்டும். மூன்றாவது, டிரான்ஸ்மிட்டரை வேண்டுமென்றே அணைத்தால் ரெகுலேட்டர் தானாக மூடிக்கொள்கிறதா என்பது. சிக்னல் அறுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ரிசீவருக்குக் கற்றுக்கொடுக்கும் இந்த ஏற்பாட்டைப் பெரும்பாலோர் அமைப்பதே இல்லை.

அமைத்தாலும் ஒரு ஓட்டை உண்டு. அதை நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். சிக்னல் அறுந்தால் ரெகுலேட்டரை மூட ரிசீவருக்குப் பேட்டரி வேண்டுமே! முந்தின வாரம் ஓட்டிவிட்டுச் சார்ஜ் செய்யாமல் விட்ட செல்களோடு, பெட்டிகள் எதையும் கோக்காமல், ரெகுலேட்டரைப் பாதி திறந்து ஓடவிட்டேன். இரண்டாவது சுற்றில் குச்சியை இறக்கினேன்; வண்டி கேட்கவில்லை. செல்கள் தீர்ந்து சர்வோ அப்படியே உறைந்துவிட்டது. சுமையில்லாத எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் வேகம் கூடிக்கொண்டே போக, நான் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு பின்னால் ஓடினேன். மாடிப்படி பக்கத்து வளைவில் அது தடுப்பைத் தாண்டி, காயப்போட்டிருந்த வெள்ளை வேட்டியின் மேல் எண்ணெய் கலந்த வெந்நீரைக் கக்கிக்கொண்டு விழுந்தது. புகைபோக்கி வளைந்தது, வேட்டி போயிற்று. அன்றிலிருந்து மீட்டர் வைத்துச் செல்களின் வோல்டேஜைப் பார்க்காமல் நான் பர்னரைப் பற்றவைப்பதில்லை. துணிகளையும் வடாமையும் ஓட்ட நேரத்தில் மாடியிலிருந்து அகற்றிவிடுவது குடும்ப அமைதிக்கும் நல்லது.

நீராவி ஏற்றும் வரிசை

எண்ணெய், தண்ணீர், கேஸ், நெருப்பு. இந்த வரிசையை மாற்றக்கூடாது.

மூட்டுகளுக்கெல்லாம் ஒரு துளி மெல்லிய எண்ணெய் இட்டபின், லூப்ரிகேட்டரைத் திறக்க வேண்டும். விரல்நுனி அளவுள்ள இந்தச் சிறு குடுவையில் பம்ப் எதுவும் கிடையாது. சிலிண்டருக்குப் போகும் நீராவிக் குழாய் இதன் உச்சியை உரசிக்கொண்டு போகும். குழாயில் ஒரு ஊசித்துளை இருக்கும். அதன் வழியே நுழையும் கொஞ்சம் நீராவி, குளிர்ந்து தண்ணீராகி, கனம் கூடுதல் என்பதால் அடியில் போய்த் தங்கும். மிதக்கும் எண்ணெய் அதே அளவுக்கு மேலே ஏறித் துளைவழியே நீராவியோடு கலந்து சிலிண்டருக்குப் போகும். எனவே, ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் அடியில் தேங்கிய பழைய தண்ணீரைச் சிரிஞ்சால் உறிஞ்சியெடுத்துவிட்டுத்தான் புது எண்ணெய் ஊற்ற வேண்டும். மேலே எண்ணெய் தெரிகிறதே என்று அப்படியே விட்டால், அரைச் சுற்றிலேயே அது தீர்ந்து சிலிண்டர் வறண்டுவிடும்.

அடுத்து பாய்லர். சேஃப்டி வால்வைத் திருகி எடுத்துவிட்டு, அந்த வாய்வழியே தண்ணீரை விளிம்புவரை நிரப்பி, பிறகு சிரிஞ்சால் ஏறத்தாழ 30 மி.லி. திருப்பி எடுக்க வேண்டும். இந்தக் கணக்கு வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும். நீராவி சேர்வதற்கு மேலே காலி இடம் வேண்டும் என்பதே காரணம். அதை எடுக்காமல் விட்டால், நீராவிக்குப் பதில் கொதிக்கும் தண்ணீரே சிலிண்டருக்குள் பாய்ந்து புகைபோக்கிவழியே மேலே பீச்சும். சேஃப்டி வால்வைத் திரும்பப் பொருத்தும்போது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் அதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, விரலால் இறுகும் அளவுக்கு இறுக்கினால் போதும், ஸ்பானர் வேண்டாம்.

கேஸை நிரப்பும்போது அருகில் நெருப்போ, எரியும் மற்றொரு எஞ்சினோ இருக்கக்கூடாது. வண்டியின் கேஸ் வால்வு மூடியிருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொண்டு, டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து, அதன் முனையை டாங்கின் வாயில் நேராக அழுத்த வேண்டும். திரவம் உள்ளே இறங்கும் சத்தம் கேட்கும். நிரம்பியதும் வாயைச் சுற்றி வெண்ணிறமாகச் சீறும். உடனே எடுத்துவிட வேண்டும். பியூட்டேன் காற்றைவிடக் கனமானது. கைப்பிடிச் சுவர் சூழ்ந்த மாடியின் மூலையில் அது தொட்டித் தண்ணீரைப்போல் தேங்கி நிற்கும். ஆகவே, மூலையைத் தவிர்த்துக் காற்றோட்டமான இடத்தில் நிரப்பி, தடத்துக்கு எடுத்துச் சென்று, இரண்டு நிமிடம் பொறுத்துப் பற்றவையுங்கள்.

பற்றவைப்பது காதின் வேலை. லைட்டரைப் புகைபோக்கியின் வாயருகே எரியவிட்டு, கேஸ் வால்வை மெல்ல மெல்லத் திறக்க வேண்டும். 'பொப்' என்ற சத்தத்தோடு சுடர் பாய்லரின் உள்குழாய்க்குள் பின்னோக்கிப் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு மெல்லிய ஹிஸ்ஸொலி மட்டும் கேட்க வேண்டும். ஊளையிட்டால் கேஸ் கூடுதல். வால்வைக் குறைக்க வேண்டும். சத்தமே இல்லாமல் புகைபோக்கியின் அடிப்பகுதி சிவக்கத் தொடங்கினால், சுடர் குழாய்க்குள் போகாமல் முன்பக்கத்திலேயே எரிகிறது என்று பொருள். உடனே அணைத்து, கேஸ் கலைந்தபின் மீண்டும் முயல வேண்டும். இல்லையென்றால் முன்பக்கப் பெயிண்ட் கொப்புளித்துவிடும். முகத்தைப் புகைபோக்கிக்கு நேரே கொண்டுபோகாதீர்கள்.

ஐந்து முதல் பத்து நிமிடத்தில் பிரஷர் கேஜின் முள் அசையத் தொடங்கும். பல சிறிய வண்டிகளில் சேஃப்டி வால்வு 40 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் திறக்கும், அப்போது பாய்லருக்குள் சூடு ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸ். கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் பெங்களூரில், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்றாலும், மூடிய பாய்லரின் ஓட்டத்தில் அதனால் சொல்லத்தக்க வேறுபாடு எதுவும் தெரிவதில்லை. சேஃப்டி வால்வு ஒருமுறையாவது தானாகத் திறந்து மூடுவதைப் பார்த்த பிறகே வண்டியை நகர்த்த வேண்டும். குறித்த அழுத்தத்தைத் தாண்டியும் திறக்காவிட்டால் கேஸை மூடி, ஆறவைத்து, வால்வைச் சுத்தம் செய்யுங்கள். அன்றைக்கு ஓட்டம் கிடையாது.

முதல் சுற்று

குளிர்ந்த சிலிண்டருக்குள் நுழையும் நீராவி உடனே தண்ணீராகிவிடும். அந்தத் தண்ணீர் பிஸ்டனுக்கு முன்னால் மாட்டிக்கொண்டால் சக்கரம் சுழலாது. அப்போது ரெகுலேட்டரை மேலும் மேலும் திறப்பதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. தண்ணீர் வெளியேறிய அந்த நொடியில் வண்டி அம்பாகப் பாயும். ரெகுலேட்டரைக் கீறலளவு மட்டும் திறந்து, கையுறையோடு வண்டியைப் பிடித்து, ஒரு சாண் முன்னும் பின்னும் தள்ளிக்கொடுங்கள். அதற்கேற்ப ரிவர்சரையும் மாற்றிக்கொண்டே இருங்கள். புகைபோக்கியிலிருந்து எண்ணெய் கலந்த வெந்நீர் துப்பும். அதன் மேல் ஒரு துணியைப் பிடித்துக்கொள்ளலாம். நாலைந்து முறையில் துப்பல் நின்று, 'சக் சக்' என்ற ஒலி தெளிவாக வரும்.

முதல் ஓட்டத்தை இரண்டு மூன்று பெட்டிகளைக் கோத்தே நடத்துவது நல்லது. சுமைதான் வண்டிக்குக் கடிவாளம். குச்சியை ஒரு நூல் உயர்த்திவிட்டு, இரண்டு விநாடி பொறுக்க வேண்டும். வண்டி நகர்ந்ததும் பாதி அளவுக்குத் திருப்பி இறக்க வேண்டும். நகர்வதற்கு வேண்டிய விசையைவிட ஓடுவதற்கு வேண்டிய விசை குறைவு. நிறுத்துவதற்கும் அதே கணக்கு: குச்சியை மூடிய பிறகும் குழாயில் இருக்கும் நீராவி ஒன்றிரண்டு சுழற்சிக்குத் தள்ளும் என்பதால், நிற்க வேண்டிய இடத்துக்கு ஒரு மீட்டர் முன்பே மூட வேண்டும். வளைவுக்குள் நுழைந்தபின் வேகத்தைக் குறைப்பதில் பயனில்லை. நுழையும் முன்பே குறைக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கையில் ரிவர்சரை எதிர்த்திசைக்குத் தள்ளி நிறுத்தலாமே என்று தோன்றும். வால்வு மூட்டுகள் அதைத் தாங்கும் அளவுக்குப் பெரியவை அல்ல. நின்றபின் திசை மாற்றுங்கள்.

கோலார் தங்கவயலில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். ஒருநாள் மாடிக்கு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கேஸ் தீர்ந்து வண்டி நின்றதும், ஆர்வத்தில் நான் கேஸை மட்டும் நிரப்பப் போனேன். "தம்பி, தண்ணி எவ்வளவு இருக்கு?" என்றார். "தெரியலீங்க ஐயா" என்றேன். "நெருப்பு முதல்ல அணையணும், தண்ணி அப்புறந்தான் தீரணும். மாத்தி நடந்தா பாய்லர் போச்சு" என்றார். கேஸ் டாங்கின் அளவைத் தயாரிப்பாளர்கள் அப்படித்தான் வகுத்திருக்கிறார்கள்: ஒரு முழு பாய்லர் தண்ணீர் தீர்வதற்கு முன் ஒரு டாங்க் கேஸ் தீர்ந்துவிடும். கேஸை மட்டும் மறுபடி நிரப்பினால் அந்தக் கணக்கு உடைந்துவிடும். வறண்ட பாய்லரில் நெருப்பு எரிந்தால் ஓ-ரிங்குகள் கருகும். பற்று வைத்த இடங்களும் கெடலாம். நீர்மட்டத்தைக் காட்டும் தண்ணீர்க் கண்ணாடி இல்லாத வண்டியில், ஒவ்வொரு கேஸ் நிரப்புக்கும் ஒரு தண்ணீர் நிரப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிரப்புக்குச் சிறிய வண்டி பொதுவாக 20 முதல் 30 நிமிடம் ஓடும்.

இடையில் சுடர் பலவீனமாகிப் போவதும் உண்டு. திரவக் கேஸ் ஆவியாகும்போது டாங்க் சில்லிட்டுப் போகும்; மார்கழிக் காலையில் ஓட்டினால் டாங்கின் மேல் பனித்துளி கோத்திருப்பதைக் காணலாம். டெண்டரில் டாங்க் இருந்தால், அதைச் சுற்றி வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிவைக்கலாம். வெதுவெதுப்பு என்றால் கை பொறுக்கும் சூடு, கொதிநீர் அல்ல.

சுடர் எப்போதுமே மெலிந்திருந்தால், பர்னருக்குக் கேஸை விடும் ஜெட் என்ற சிறு முனை அடைத்திருக்கிறது என்று பொருள். தலைமுடி அளவே உள்ள அந்தத் துளையில் ஊசியையோ கம்பியையோ விட்டால் துளை பெரிதாகிவிடும். பிறகு அந்தப் பர்னர் ஊளையிட்டுக்கொண்டேதான் இருக்கும். ஜெட்டைக் கழற்றி, நெருப்பில்லாத இடத்தில் கேஸ் டப்பாவின் முனையில் தலைகீழாக வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் தூசு வந்துவிடும். நீராவி எங்கேனும் கசிந்தால் அநேகமாக ஓ-ரிங் அல்லது டெஃப்லான் டேப் விவகாரம்தான்; ஆறிய பிறகு மாற்றலாம். புகைபோக்கி இடைவிடாமல் தண்ணீரைத் துப்பினால், பாய்லரில் தண்ணீர் கூடுதல் அல்லது உள்ளே எண்ணெய், சோப்பு ஏதோ கலந்து நுரைக்கிறது; வெந்நீரால் பலமுறை அலச வேண்டும்.

ஓட்டம் முடிந்தபின்

கேஸ் தீர்ந்த பிறகும் மிச்சமிருக்கும் நீராவியில் வண்டியை மெதுவாக ஓடவிட்டு, முள் சுழிக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். அழுத்தம் இருக்கையில் சேஃப்டி வால்வைத் திருகக்கூடாது. முள் சுழியைக் காட்டினாலும் கையுறை போட்டு, முகத்தை விலக்கி, அரைச்சுற்று மட்டும் தளர்த்தி, சீற்றம் முழுவதும் அடங்கியதும் எடுக்க வேண்டும். அப்படித் திறந்துவைப்பதால், ஆறும் பாய்லருக்குள் வெற்றிடம் உண்டாகி லூப்ரிகேட்டர் எண்ணெயை உள்ளிழுப்பதும் தவிர்க்கப்படும். லூப்ரிகேட்டரின் அடியில் சேர்ந்த தண்ணீரை வண்டி வெதுவெதுப்பாக இருக்கும்போதே உறிஞ்சி எடுத்துவிடலாம். ஆறினால் எண்ணெய் கெட்டிப்பட்டுச் சிரிஞ்சுக்கு வராது. சக்கரங்களிலும் ராடுகளிலும் படிந்த கறுப்பு எண்ணெயையும் அதே சூட்டில் பனியன் துணியால் துடைத்துவிட வேண்டும்.

உள்ளே எடுத்துச் செல்லும் முன் கேஸ் வால்வைத் திறந்து, டாங்கில் மிச்சம் இருந்தால் திறந்தவெளியிலேயே வெளியேற்றிவிடுங்கள். ரிசீவர், பிறகு டிரான்ஸ்மிட்டர் என்ற வரிசையில் அணைத்து, செல்களைக் கழற்றி அன்றிரவே சார்ஜில் போடுங்கள். எத்தனை மி.லி. தண்ணீர் ஊற்றினீர்கள், எத்தனை நிமிடம் ஓடியது, முடிவில் சிரிஞ்சில் எவ்வளவு தண்ணீர் திரும்பக் கிடைத்தது என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஐந்தாறு ஓட்டத்துக்குப் பிறகு, உங்கள் வண்டி எத்தனையாவது நிமிடத்தில் தண்ணீர் கேட்கும் என்பது அந்த நோட்டிலேயே இருக்கும்.